ஓடாத பட்டறைக்கு வரி

அத்தியாயம் ஐந்து

மூன்றாவது தேங்காய் பன்னையும் முடித்து வெள்ளியங்கிரி சார் கையைத் தட்டிக்கொண்டபோது, எதிரே உட்கார்ந்திருந்த சென்னகிருஷ்ணன் கிட்டத்தட்ட அழுகிற நிலைக்கு வந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் சென்ட் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணீரோடு வந்தவர் இவர்தான் முதல் ஆள்.

"என்ற மேல எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கானுங்க. அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார்.

நான் மெஹராஜ், சார் வாயில் அம்மணி. கிராஸ்கட் ரோட்டில் பேக்கரிக்கு மாடியில் இருக்கும் வெள்ளியங்கிரி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளர். சாரிடம் மூளையும் இரண்டு சஃபாரி சூட்டும் உண்டு. என்னிடம் வாயும் ஒரு லூனாவும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் தொழில் நடக்கிறது. கீழே பன் வேகிற வாசனை வரும்வரை சார் இந்த மாடியைக் காலி செய்ய மாட்டார், எவ்வளவு வாடகை ஏற்றினாலும் சரி.

சென்னகிருஷ்ணனின் கதை சுலபமானது. நூற்பு மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடுகிறவர். கணபதியில் ஷட்டர் வைத்த சின்னப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவர், மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி கீதாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டார். அங்கேயும் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. இன்றைக்கு ஜகார்த்தா மில்லுக்கு, நாளைக்குத் தைவான் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம் பேசி வரைந்து கொடுக்கிறார். காசு அங்கே வருகிறது, அங்கேயே ஒழுங்காக வரியும் கட்டுகிறார். கணபதியில் தனியாக இருக்கும் அப்பாவைப் பார்க்க வந்தவர் சனிக்கிழமை விமானம் ஏற வேண்டும். திங்கட்கிழமை அங்கே ஒரு பெரிய கம்பெனியோடு மூன்று வருட ஒப்பந்தம். நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதை நம்பித்தான் அங்கே வீடு பிடித்து மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்.

விமானம் ஏற வேண்டுமென்றால் இங்கே வரி பாக்கி இல்லை என்று வருமான வரி ஆபீசில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்துப் போயிருக்கிறார். அதிகாரி முடியாது என்று சொல்லிவிட்டாராம். உன் பட்டறை கணபதியில் இன்றைக்கும் ஓடுகிறது, இங்கே ஆள் வைத்து வரைந்து அங்கே காசு வாங்குகிறாய், அதனால் மூன்று வருட வருமானத்துக்கும் இங்கே வரி கட்டு என்று.

"அங்க கட்டியாச்சு, இங்கயும் கட்டுன்னா ஒரே கோழியை ரெண்டு தடவை அறுக்கற மாதிரி இருக்குதுங்க."

சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த மொட்டைக் கடுதாசியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை, தகவல் வந்திருக்கிறது என்று அதிகாரி சொன்னார், வேறு எப்படி வந்திருக்கும் என்றார் சென்னகிருஷ்ணன். சார் சட்டையிலிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

* * *

ரேஸ் கோர்ஸ் பக்கம் இருந்த அந்த ஆபீசில் அதிகாரி அங்கப்பன் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரி கட்டுகிறவர்கள் புலம்பல் கேட்காமலிருக்க அரசாங்கமே பஞ்சு சப்ளை செய்கிறது போலிருக்கிறது என்று சாரின் காதில் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. அதிகாரியின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

எங்களைப் பார்த்ததும் அங்கப்பன் மரியாதையாக ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார். மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார். கொங்கு நாட்டில் உங்கள் சொத்தை ஜப்தி செய்ய வருகிறவர்கூட முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சீல் வைப்பார். சென்னகிருஷ்ணன் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, மூன்று வருடமும் நான் சிங்கப்பூரில்தான் இருந்தேன், முத்திரையைப் பாருங்கள் என்றார்.

"அதை நான் சந்தேகப்படலைங்க. பாஸ்போர்ட்டு ஆள் எங்க இருந்தாருன்னு காட்டும். தொழில் எங்க இருந்துச்சுன்னு காட்டாதுங்களே. உங்களுது ஓடும் பட்டறைன்னு எனக்குத் தகவல்."

அந்தப் பட்டறையைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன் என்று சென்னகிருஷ்ணன் சத்தியம் செய்தார். வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகவே இல்லையா என்று அங்கப்பன் கேட்டார். போகவில்லையாம். பட்டறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறேன், தூசு உனக்கு ஆகாது என்று அப்பா தினமும் தடுத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. நான் சாரைப் பார்த்தேன். சார் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பட்டறை ஓடவில்லை என்று காட்டினால் அந்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அங்கப்பன். தகவல் சொன்னது யார் என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்று பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

மாடிப்படி இறங்கும்போது சார் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, அவரு சொன்ன வார்த்தையைக் கவனிச்சீங்களா?"

எத்தனையோ சொன்னார், எதை என்றேன்.

"ஓடும் பட்டறை. நீங்களும் நானும் பட்டறை ஓடுதுன்னு சொல்லுவோம். சட்டப் பொஸ்தகத்துல தொழில், நிறுவனம்னு எழுதுவாங்க. யாரோ இந்த மாதிரி வகை பிரிச்சுப் பேரு வெச்சிருக்காங்க. அந்தப் பேரு அப்படியே அவரு வாயில வருது."

சென்னகிருஷ்ணன் நெற்றியைத் தேய்த்தார். அவர்கள் தெரு மாரியம்மன் கோயிலில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி போடும்போது அப்படி ஒரு வகை உண்டு என்று மெதுவாகச் சொன்னார்.

* * *

கணபதியில் நோம்பி களைகட்டியிருந்தது. முந்தின நாள்தான் கோயில் முன்னால் அம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். மூங்கில் பந்தல் முழுக்க டியூப் லைட்டுகள். ஒவ்வொரு லைட்டிலும் உபயம் செய்தவர் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்கள், வெளிச்சம் வர வழி கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் ஒரு லூனாவில் வரவில்லை, அந்த அளவுக்கு என் வண்டிக்கும் சுயமரியாதை உண்டு. அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள்.

கோயில் கமிட்டிப் பொருளாளர் பாலுசாமி, பெயின்ட் கடைக்காரர், பந்தலுக்கடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் விளக்கமாகச் சொன்னார். ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் குடி வரி. தொழில் நடக்கிற பட்டறை என்றால் அதற்கு மேல் ஓடும் பட்டறை வரி. அடுத்த புதன்கிழமை அம்மன் சப்பரம் கிளம்பும்போது ஓடும் பட்டறை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தேங்காய் உடைத்துத் தீபாராதனை காட்டிவிட்டுப் போகும். நொடித்துப் பூட்டின பட்டறை என்றால் நிற்காது.

"பூட்டின கதவுக்கு முன்னால நின்னா ஆத்தாளுக்கு யாருங்க தேங்கா உடைப்பாங்க?"

சென்னகிருஷ்ணன் பட்டறை எந்த வகை என்று சார் கேட்டார். அதில் என்ன சந்தேகம், ஓடும் பட்டறைதான், மூன்று வருடமும் முதல் ஆளாக வந்து கட்டியாயிற்று என்றார் பாலுசாமி. யார் கட்டினது என்றால், உங்கள் நாயனா நரசிம்மலு அண்ணன்தான் என்று மகன் பக்கம் கையைக் காட்டினார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை கிளம்புவதாகக் கேள்விப்பட்டேனே, அது முறையா என்றார். கம்பம் நட்டபிறகு உள்ளூர்க் குடி ஊர் எல்லையைத் தாண்டி ராத் தங்கக் கூடாது. நோம்பி முடிந்துதான் போக வேண்டும். உங்கள் பெயர் உள்ளூரில்தான் இருக்கிறது.

சென்னகிருஷ்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அரசாங்கமும் விடாது, ஆத்தாளும் விடாது. பாவமாக இருந்தது, ஆனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மனு எழுதிவிடலாமே என்று என் வாய் சும்மா இருக்கவில்லை. சார் என்னை முறைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையும், அதற்கு நேர் கீழே இருந்த வீட்டின் கேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தெருமுனைக்கு வந்ததும் என் துப்பை அவிழ்த்தேன். பெரியவர்தான் ஆள் வைத்து ரகசியமாகத் தொழில் நடத்துகிறார். மகன் பெயரில் இங்கே ஆர்டர் பிடித்துக் காசைத் தன் பெட்டியில் போடுகிறார். அதனால்தான் மகனைப் பட்டறைப் பக்கம் விடவில்லை. சென்னகிருஷ்ணன் முகம் கறுத்துவிட்டது. ஆனால் அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார், தலையை ஆட்டினார்.

"ஏமாத்தறவன் வரியைக் குறைச்சுக் கட்டுவான் அம்மணி. இல்லாட்டிக் கட்டவே மாட்டான். இவரு தேடிப் போயி ஜாஸ்தியாக் கட்டியிருக்காரு. அது திருடனோட பழக்கம் இல்லை" என்றார் சார்.

* * *

பட்டறை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே டியூப் லைட் எரிந்தது, ரேடியோ பாடியது. வாசலில் கோலம், நிலையில் மாவிலை. ஓடாத பட்டறை என்று சொன்னால் கோலமே சிரிக்கும். சென்னகிருஷ்ணன் பாய்ந்து போகப் பார்த்தார். சார் அவரை எதிர் டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, டிராயிங் போடக் கொடுக்க வந்த மில்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னோடு உள்ளே நுழைந்தார்.

பெரிய டிராயிங் மேஜையைச் சுற்றி நான்கு பெரியவர்கள். நாங்கள் குனிந்து நுழைந்த சத்தம் கேட்டதும் மேஜையில் ஏதோ பரபரவென்று நடந்தது. நிமிர்ந்து பார்த்தபோது நான்கு பேர் காதிலும் பென்சில் இருந்தது. ஒருவர் கோடு போடும் டீ ஸ்கொயர் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நடுவில் இருந்தவர்தான் நரசிம்மலு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம்.

ஒரு கியர் வரைந்து தர முடியுமா என்று சார் கேட்டார். பெரியவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, தப்பா நினைக்கப்படாது. கை நிறைய வேலைங்க. பையன் சிங்கப்பூர்ல இருந்து ஆர்டரா அனுப்பறான். நாங்க நாலு பேரு ராப்பகலா வரைஞ்சும் தீர மாட்டேங்குது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

போச்சு. இதை அங்கப்பன் கேட்டால் சர்ட்டிபிகேட் இல்லை, ஜப்தி நோட்டீஸ்தான். வெளியே போய் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது டீக்கடைக்காரர் கம்பித் தூக்கில் நான்கு டீயோடு உள்ளே வந்தார். யாரையும் கேட்காமல் நான்கு கிளாஸையும் டிராயிங் மேஜைமேல் வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சார் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினார். சென்னகிருஷ்ணன் உள்ளே வந்தார். மகனைக் கண்டதும் பெரியவரின் காதிலிருந்த பென்சில் விழுந்தது.

"நீங்க வரையற மேஜைமேல ஒருத்தர் டீ கிளாஸ் வெச்சா என்ன பண்ணுவீங்க?" என்று சார் சென்னகிருஷ்ணனிடம் கேட்டார்.

"தூக்கி வெளிய எறிஞ்சுபோடுவேனுங்க. ஒரு சொட்டு விழுந்தா ஒரு வாரத்து வேலை போச்சு. இந்த மேஜைகிட்ட தண்ணி குடிக்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை."

அப்போதுதான் நான் மேஜையைப் பார்த்தேன். சாய்வாக இருக்க வேண்டிய பலகையைச் சமமாக இறக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் முழுக்க டீ கிளாஸின் அடித்தடம், வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று. மூன்று வருடத்து டீ. சார் ஓரத்தில் கிடந்த டிராயிங் தாளை மெதுவாகத் தூக்கினார். அடியில் சீட்டுக்கட்டும், பந்தயத்துக்கு ஒரு குவியல் புளியங்கொட்டையும் இருந்தன.

"இங்க யாரும் ஒரு கோடு கூட வரையலைங்க. ரம்மிதான் ஓடியிருக்குது" என்றார் சார்.

மற்ற மூன்று பெரியவர்களும் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருவர் போகும்போது புளியங்கொட்டையில் தன் பங்கை எடுத்துக்கொண்டார். நரசிம்மலு மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். மகனைப் பார்க்காமல் பேசினார்.

"எழுபத்திநாலுல என்ற லேத்துப் பட்டறையை மூடினேன். கரண்டு இல்லை, கடன் கழுத்தை நெரிச்சுச்சு. ஷட்டரை இறக்கினப்போ இந்தத் தெருவே நின்னு பார்த்துச்சு. அந்த வருசம் தேங்காயும் கையுமா வாசல்ல நின்னேன். சப்பரம் நிக்காமப் போயிருச்சு. நீ அப்போ பையன், என்ற பக்கத்துலதான் நின்னுட்டிருந்தே."

சென்னகிருஷ்ணன் ஞாபகம் இருக்கிறது என்றார்.

"உன்ற ஷட்டரும் இறங்கிக் கிடந்தா இந்தத் தெரு என்ன சொல்லும்? அப்பன் மாதிரியே பையனும் நொடிச்சுப் போய் ஊரைவிட்டு ஓடிட்டான்னு சொல்லும். அதான் காலையில திறந்து, லைட்டைப் போட்டு, ரேடியோ வெச்சு, நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். வரியும் கட்டினேன். உன்ற வாசல்ல ஆத்தா நின்னுட்டுத்தான் போறா."

"நாயனா, நான் நொடிச்சுப் போகலையே. நல்லாத்தானே இருக்கேன்."

"அது எனக்குத் தெரியுங் கண்ணு. தெருவுக்குத் தெரியுமா?"

சென்னகிருஷ்ணன் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கோபம் வரவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அந்த மேஜையின் டீக் கறையைத் துடைக்க ஆரம்பித்தார். அது போகாது, அவருக்கும் தெரியும். 

தன்னால் மகன் விமானம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பெரியவர் உடனே எழுந்துவிட்டார். யாரிடம் சொல்ல வேண்டுமோ கூட்டிப்போங்கள், சொல்கிறேன் என்றார்.

* * *

வியாழக்கிழமை காலை பெரியவர் சொன்ன எல்லாவற்றையும் அங்கப்பன் பொறுமையாகக் கேட்டார். அன்றைக்குக் கண்கள் இன்னும் சிவப்பு, பஞ்சு இன்னும் பெரிசு. கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். மகனுக்காக அப்பா எதையும் சொல்வார், அதை வைத்து எப்படி எழுதுவது, தகவல் கொடுத்த இடம் அப்படி என்றார்.

"அந்த இடம் எனக்குத் தெரியுங்க" என்றார் சார்.

சென்னகிருஷ்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். மொட்டைக் கடுதாசிக்காரனின் பெயருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நானும்தான்.

"கடுதாசி எதுவும் வரலை. ஒருத்தரும் உங்களைக் காட்டிக் குடுக்கலை. மாரியம்மன் கோயில்ல இருந்து நாலாவது கரண்ட் கம்பத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க. அதுக்கு நேர் கீழ இருக்கற ஊட்டுக் கேட்டுல அங்கப்பன்னு போர்டு தொங்குது. தூங்காத கண்ணு, காதுல பஞ்சு. நோம்பி சாட்டின நாள்ல இருந்து தினமும் நடு ராத்திரி வரைக்கும் வரி கட்டினவங்க பேரை மைக்குல வாசிக்கறாங்க. ஓடும் பட்டறை, சென்னகிருஷ்ணன். முதல் ஆளாக் கட்டினதால நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாலயே வாசிச்சாச்சு. அதைச் சாரு சொந்தக் காதால கேட்டிருக்காரு."

அங்கப்பன் இரண்டு பஞ்சையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து இரண்டு நோம்பி ஆகிறது என்று ஒத்துக்கொண்டார். போன வருடமும் கேட்டாராம், இந்த வருடமும் கேட்டாராம். அதன் பிறகு அந்தப் பெயர் தன் மேஜைக்கே வந்தால் தான் என்ன செய்வது என்றார்.

"ஆத்தா கோயில் மைக்குல பொய் சொல்லுவாங்கன்னு நான் எப்படிங்க நினைக்கறது?"

"அதே மைக்குல மாத்திச் சொன்னா?"

அங்கப்பன் கொஞ்சம் யோசித்தார். அப்படியென்றால் நாளைக் காலை இன்ஸ்பெக்டரை அனுப்பிப் பட்டறையைப் பார்க்கச் சொல்கிறேன், அவரும் சரி என்றால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். எல்லாம் முடிந்தது என்று நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இந்த அறையில் நாலு பேர் முன்னால் சொல்வது வேறு. அங்கே கணபதி முழுக்கக் கேட்கும். எதற்குப் பயந்து மூன்று வருடம் தினமும் ஷட்டரைத் தூக்கினாரோ, அதைத் தானே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது வாசிக்கட்டும், பாலுசாமியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் சென்னகிருஷ்ணன். பெரியவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"என்ற வாயால சொன்ன பொய். என்ற வாயாலயே எடுக்கறேன்."

* * *

அன்று சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேளம் நின்றதும் பாலுசாமி வரி கட்டினவர்கள் பெயரை வாசிக்க மைக்கை எடுத்தார். நரசிம்மலு கூட்டத்துக்குள்ளிருந்து போய்க் கையை நீட்டினார். மைக் கை மாறியது. குழாய் ஸ்பீக்கர் ஒரு முறை கீச்சிட்டது. தெருவில் நான்காவது கரண்ட் கம்பத்துக்குக் கீழே அங்கப்பன் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். முதலில் மூச்சுதான் ஊர் முழுக்கக் கேட்டது. சென்னகிருஷ்ணன் என் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விமானத்தை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற பையன் சென்னகிருஷ்ணன் பட்டறை ஓடலைங்க. அதை மூடி மூணு வருசமாச்சு. நான்தான் ஓடுதுன்னு சொல்லி ஆத்தாளையும் உங்களையும் ஏமாத்திப்போட்டேன். அவன் நொடிச்சுப் போகலைங்க. சிங்கப்பூர்ல உக்காந்து வரையறான். தொழில் அங்க, குடும்பம் அங்க, வரியும் அங்க. அவன் இனி இந்த ஊர்க் குடி இல்லைங்க."

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது.  யாராவது சிரித்தால் அடித்துவிடுவது என்று நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பாலுசாமிதான் மெதுவாக மைக்கை வாங்கினார், வாங்கினதை அணைக்க மறந்துவிட்டார். அதனால் அவர் பெரியவரிடம் பேசினதும் ஊர் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, நம்ம வரியில வெளியூர்க் குடின்னு ஒண்ணு இருக்குதுங்களே. பொழைக்கப் போனவங்களுக்கு. பாதி வரிதான். கம்பம் நட்டாலும் அவங்க எங்க வேணா தங்கலாம், ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்க பையனை அதுல எழுதிக்கறேன்."

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சப்பரம் நிற்குமா என்று.

"வெளியூர்க் குடி வாசல்ல சித்த நேரம் கூடவே நிக்குமுங்க. ஊர்ல இல்லாதவங்களுக்கும் சேர்த்துக் கும்பிடோணுமில்ல? நொடிச்சுப் பூட்டினது வேற, பொழைக்கப் போனது வேற. நம்ம ஊர்ல எத்தனை பேரு திருப்பூரு, பம்பாய்னு போயிருக்காங்க. மூணு வருசமா நீங்க ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே."

நரசிம்மலு மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். மூன்று வருடம் இரட்டை வரி, லைட் பில், நாலு பேருக்கு டீ, எல்லாம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டதற்கு. சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சென்னகிருஷ்ணன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அரசாங்கம் எத்தனையோ பொஸ்தகம் போட்டு எழுதினதை ஆத்தா மூணு வகையில முடிச்சுப்போட்டா பாருங்க என்று சாரிடம் சொன்னேன். சார் பானகம் குடித்துக்கொண்டிருந்தார். கோயிலில் பன் கிடையாது என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்து மேஜையைப் பார்த்தார். டீ வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் அங்கப்பன் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை சென்னகிருஷ்ணன் விமானம் ஏறினார், அப்பாவைத் தீபாவளிக்குச் சிங்கப்பூர் வரச் சொல்லிவிட்டு.

புதன்கிழமை சப்பரம் வந்தபோது நானும் சாரும் டீக்கடையில் நின்றிருந்தோம். மேளக்காரர்கள் அந்த வாசலுக்கு வந்ததும் தாமாகவே நின்றார்கள். குழாய் ஸ்பீக்கரில், வெளியூர்க் குடி, சிங்கப்பூர் சென்னகிருஷ்ணன் என்று பெயர் கேட்டது. நரசிம்மலு தேங்காயோடு வெளியே வந்தார். ஷட்டர் இறங்கிப் பூட்டியிருந்தது. வாசலில் கோலம் மட்டும் இருந்தது.

தீபாராதனைக்கு ஷட்டரைத் தூக்கட்டுமா என்று பாலுசாமி சாவிக்குக் கையை நீட்டினார்.

"வேண்டாமுங்க, மூடியே இருக்கட்டும்" என்றார் பெரியவர். "என்ற பையன் பொழைக்கப் போயிருக்கான்."